சிவகங்கை யாருடைய தொகுதி? செட்டிநாட்டின் மக்களவைத் தேர்தல் கணக்கு, 1967–2024

சிவகங்கை மக்களவைத் தொகுதி என்று பேச்செடுத்தால் "அது சிதம்பரம் தொகுதி" என்று ஒரே வரியில் முடித்துவிடுவார்கள். 1984 முதல் 2009 வரை ப. சிதம்பரம் இங்கே ஏழு முறை வென்றார். 2019, 2024 இரண்டிலும் அவர் மகன் கார்த்தி சிதம்பரம் வென்றார். 1984 முதல் நடந்த 11 மக்களவைத் தேர்தல்களில் ஒன்பதில் இந்தக் கண்டனூர்க் குடும்பம் ஒன்றே ஜெயித்திருக்கிறது. கோட்டை என்று சொல்ல இது போதும் என்றுதான் தோன்றும்.

மீதி இரண்டு தேர்தல்களை எடுத்துப் பார்க்க வேண்டும். 1999-ல் தந்தை மூன்றாம் இடத்துக்குப் போனார். 2014-ல் மகன் நான்காம் இடத்துக்குப் போனார், டெபாசிட்டும் போனது. அந்த இரண்டு முறையும் வேட்பாளர் பக்கம் தி.மு.க.வும் இல்லை, அ.தி.மு.க.வும் இல்லை. வென்ற ஒன்பது முறையும் இரண்டில் ஒன்று கூட இருந்தது: 1984, 1989, 1991-ல் அ.தி.மு.க.; 1996, 1998, 2004, 2009, 2019, 2024-ல் தி.மு.க. இந்தத் தொகுதியின் அடித்தளம் கழகங்களுடைய வாக்கு. வேட்பாளரின் சொந்தச் செல்வாக்கு அதன் மேல் வைக்கும் ஓடு மாதிரி; சுவர் இல்லாமல் அது நிற்காது. இந்த ஆய்வு அந்த முடிவை ஒவ்வொரு தேர்தலாக வைத்துச் சரிபார்க்கிறது. எங்கே அது முழுதாகப் பொருந்தவில்லையோ, அதையும் சொல்கிறது.

நிலமும் எல்லையும்

செட்டிநாடு ஒரு தொகுதிக்குள் அடங்கிய ஊர் இல்லை. நகரத்தார் ஊர்கள் சிவகங்கை, புதுக்கோட்டை என்று இரண்டு மாவட்டங்களில் விரிந்து கிடக்கின்றன. சட்டமன்றக் கணக்கில் காரைக்குடி, திருப்பத்தூர், திருமயம் ஆகிய மூன்றும்தான் அதன் பெரும்பகுதி. நாட்டரசன்கோட்டை போன்ற ஊர்கள் சிவகங்கைச் சட்டமன்றப் பிரிவில் வருகின்றன.

2008 வரை சிவகங்கை மக்களவைத் தொகுதியில் திருமயம், திருப்பத்தூர், காரைக்குடி, திருவாடானை, இளையான்குடி, சிவகங்கை ஆகிய ஆறு பிரிவுகள் இருந்தன. தொகுதி மறுசீரமைப்பில் திருவாடானை ராமநாதபுரத்துக்குப் போனது. இளையான்குடி என்ற சட்டமன்றத் தொகுதியே இல்லாமல் போய், அதன் பெரும்பகுதி மானாமதுரையோடு சேர்ந்தது. புதுக்கோட்டை மக்களவைத் தொகுதியும் கலைக்கப்பட்டது. அந்த மாவட்டத்தின் ஆறு சட்டமன்றத் தொகுதிகள் சிவகங்கை, திருச்சி, கரூர், ராமநாதபுரம் என்று நான்கு மக்களவைத் தொகுதிகளுக்குப் பிரித்துக் கொடுக்கப்பட்டன. ஒரு மாவட்டத் தலைநகரின் பெயரில் இருந்த மக்களவைத் தொகுதி அப்படி மறைந்தது அந்த மக்களுக்கு நியாயமான மனக்குறை.

2009 முதல் நடைமுறையில் இருக்கும் ஆறு பிரிவுகள்: திருமயம் (181), ஆலங்குடி (182), காரைக்குடி (184), திருப்பத்தூர் (185), சிவகங்கை (186), மானாமதுரை தனி (187). ஆகவே 2004 வாக்கையும் 2009 வாக்கையும் அப்படியே பக்கத்தில் வைத்து ஒப்பிடக் கூடாது. ஆறில் நான்குதான் பொது. அந்த நான்கின் உள்ளெல்லைகளும் மாறியிருக்கின்றன.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். செட்டிநாடு என்றதும் வெளியூர்க்காரர் மனதில் வருவது நகரத்தார்தான். ஆனால் வாக்காளர் எண்ணிக்கையில் அவர்கள் சிறுபான்மை. முக்குலத்தோர், யாதவர், பட்டியல் சாதியினர், உடையார், முஸ்லிம்கள் என்று பல சமூகங்கள் சேர்ந்துதான் இங்கே முடிவைத் தீர்மானிக்கின்றன. நகரத்தார் வாக்கால் ஒருவர் ஜெயிக்கிறார் என்ற பேச்சு எண்ணிக்கைக்கு ஒத்துவராது.

1967 முதல் 1980 வரை

1967-லும் 1971-லும் தி.மு.க.வின் தா. கிருட்டிணன் வென்றார். 1977-ல் அ.தி.மு.க.வின் பெ. தியாகராஜன். 1980-ல் இந்திரா காங்கிரஸின் ஆர்.வி. சுவாமிநாதன், அப்போது தி.மு.க. அந்த அணியில் இருந்தது.

காரைக்குடி சட்டமன்றத் தொகுதியில் அதற்கு முந்தைய ஒரு அடுக்கு தெரியும். 1957-ல் காங்கிரஸின் மு.அ. முத்தையா செட்டியார். 1962-ல் சுதந்திராக் கட்சியின் சா. கணேசன், கம்பன் கழகத்தை நிறுவிய அதே கம்பன் அடிப்பொடி. 1967-ல் மறுபடியும் சுதந்திராக் கட்சி, வேட்பாளர் எஸ். மெய்யப்பன். ராஜாஜியின் கட்சிக்குச் செட்டிநாட்டில் உண்மையான வேர் இருந்தது, மறுப்பதற்கில்லை. ஆனால் 1967-ல் அந்தக் கட்சி தி.மு.க. அணியில் இருந்தது. 1971-ல் அணி பிரிந்ததும் காரைக்குடியை தி.மு.க.வின் சி.த. சிதம்பரம் எடுத்துக்கொண்டார். பிற்பாடு மக்களவையில் நடந்ததன் முன்னோட்டம் இதுவே.

ஏழு வெற்றி, ஐந்து அலை

ப. சிதம்பரத்தின் ஏழு வெற்றிகளையும் ஒரே எடையில் வைக்க முடியாது. 1984-ல் இந்திரா காந்தி படுகொலைக்குப் பின் அ.தி.மு.க. - காங்கிரஸ் அணி பெருவெற்றி பெற்றது. 1989-ல் அதே அணிக்கு 39-ல் 38. 1991-ல் ராஜீவ் காந்தி படுகொலைக்குப் பின் 39-ல் 39. 1996-ல் மூப்பனாரின் தமிழ் மாநில காங்கிரஸும் (த.மா.கா.) தி.மு.க.வும் இருந்த அணி 39-ஐயும் அள்ளியது. 2004-ல் தி.மு.க. அணி மறுபடியும் 39. இந்த ஐந்திலும் அணியின் வேட்பாளராக யார் நின்றிருந்தாலும் சிவகங்கை கைக்கு வந்திருக்கும். வேட்பாளருடைய பலத்தை அளக்க இந்த ஐந்தும் உதவாது.

அளவுகோலாக நிற்பவை இரண்டு: 1998, 2009. 1998-ல் அ.தி.மு.க. - பா.ஜ.க. அணி மாநிலத்தில் 30 இடங்களைப் பிடித்தது. தி.மு.க. - த.மா.கா. பக்கத்துக்குக் கிடைத்தது 9, அதில் த.மா.கா.வுக்கு வெறும் 3. அந்த மூன்றில் ஒன்று சிவகங்கை. எதிர்க்காற்றில் கரையேறிய வெற்றி இது. சிதம்பரத்துக்குச் சொந்தச் செல்வாக்கே கிடையாது என்று சொல்பவர்கள் இந்த ஒரு தேர்தலுக்குப் பதில் சொல்ல வேண்டும்.

அடுத்த ஆண்டே மறுபக்கம் தெரிந்தது. 1999-ல் தி.மு.க. பா.ஜ.க.வோடு போனது. த.மா.கா. இரு கழகங்களும் இல்லாத ஒரு அணியை அமைத்து நின்றது. அதே மனிதர், அதே சைக்கிள் சின்னம், அதே ஆறு பிரிவுகள். வென்றவர் அ.தி.மு.க. துணையோடு நின்ற காங்கிரஸின் இ.எம். சுதர்சன நாச்சியப்பன். இரண்டாம் இடம் தி.மு.க. துணையோடு நின்ற பா.ஜ.க.வின் ஹெச். ராஜா. நிதியமைச்சராக இருந்தவர் மூன்றாவது.

சின்னம் மாறியதால் தோற்றார் என்ற விளக்கமும் அந்த நாளில் ஓடியது. அது நிற்காது. 1991 வரை கைச் சின்னம், 1996-ல் சைக்கிள். மாறிய முதல் தேர்தலிலேயே வெற்றி. 1998-ல் சைக்கிளிலேயே வெற்றி. 1999-ல் மாறியது அணி மட்டும்.

ஹெச். ராஜாவின் பாதையும் இதே கணக்கைத்தான் காட்டுகிறது. 1999-ல் தி.மு.க. துணையோடு இரண்டாம் இடம். 2001-ல் அதே துணையோடு காரைக்குடி சட்டமன்றத் தொகுதியில் வெற்றி. 2014-ல் இரு கழகங்களும் இல்லாமல் மூன்றாம் இடம், 1,33,763 வாக்கு. 2019-ல் அ.தி.மு.க. துணையோடு இரண்டாம் இடம், 2,33,860 வாக்கு. கொள்கையில் சிதம்பரத்துக்கு நேரெதிரான ஒருவருக்கும் அளவுகோல் ஒன்றாகவே இருக்கிறது. அதனால்தான் இதை ஒரு குடும்பத்தின் கதையாகப் படிக்காமல் தொகுதியின் இயல்பாகப் படிக்க வேண்டும் என்கிறோம்.

2009: 3,354 வாக்கு

இந்தத் தொகுதியின் வரலாற்றில் அதிகம் பேசப்பட்டதும், அதிகம் தவறாகச் சொல்லப்படுவதும் 2009 தேர்தல். சிதம்பரம் 3,34,348, அ.தி.மு.க.வின் ஆர்.எஸ். ராஜ கண்ணப்பன் 3,30,994. வித்தியாசம் 3,354. இருவரும் சேர்ந்து வாங்கிய வாக்கில் இது அரை சதவீதம். ஆறு பிரிவுகளுக்குப் பங்கிட்டால் பிரிவுக்கு 559.

ஏன் இவ்வளவு நெருங்கியது? மாநில அளவில் தி.மு.க. அணி 27, அ.தி.மு.க. அணி 12. ஆனால் காங்கிரஸ் நின்ற 15-ல் 8-தான் கிடைத்தது. மயிலாடுதுறையில் மணிசங்கர் அய்யர், சேலத்தில் தங்கபாலு, ஈரோட்டில் இளங்கோவன் என்று பெரிய பெயர்கள் விழுந்தன. எல்லை புதிது, ஆலங்குடியும் மானாமதுரையின் ஒரு பகுதியும் சிதம்பரத்துக்கு அதுவரை வாக்களித்துப் பழகாத பகுதிகள். எதிரில் நின்ற ராஜ கண்ணப்பன் இந்த மண்ணின் ஆள். 1991-ல் அ.தி.மு.க.வில் திருப்பத்தூரிலும், 2006-ல் தி.மு.க.வில் இளையான்குடியிலும் வென்றவர். இளையான்குடிப் பகுதி மானாமதுரை வழியாக இதே தொகுதிக்குள் இருந்தது. அணியும் பலமாக, வேட்பாளரும் உள்ளூர்க்காரராக எதிரே நின்றபோது மத்திய உள்துறை அமைச்சர் மயிரிழையில் தப்பினார் என்பதே சரியான வாசிப்பு.

மே 16 அன்று வாக்கு எண்ணிக்கை. கண்ணப்பன் முன்னிலை, வென்றுவிட்டார் என்றெல்லாம் செய்தி பரவியது. காங்கிரஸ் தரப்பு மறு எண்ணிக்கை கேட்டது. கடைசியில் சிதம்பரம் வென்றதாக அறிவிப்பு வந்தது. கண்ணப்பன் சென்னை உயர் நீதிமன்றத்தில் தேர்தல் மனு தாக்கல் செய்தார். ஆலங்குடிப் பிரிவில் தனக்கு விழுந்த வாக்குகள் கணினியில் ஏற்றும்போது எதிராளி கணக்கில் ஏறிவிட்டன என்பது அதில் ஒரு முக்கியக் குற்றச்சாட்டு. 2012 ஜூனில் நீதிமன்றம் இரண்டு குற்றச்சாட்டுகளை நீக்கி மற்றவற்றை விசாரணைக்கு விட்டது. பதவி விலக வேண்டும் என்று எதிர்க்கட்சிகள் அப்போது குரல் எழுப்பின. 2014-ல் அந்த மக்களவையே கலைந்தபோதும் வழக்கு முடியவில்லை. பிறகு மனு தள்ளுபடியானது. ஆகவே சட்டப்படி 2009 முடிவு நிற்கிறது.

இந்த மாதிரிப் புகார் எங்கே பிறக்கிறது, எங்கே சரிபார்க்க முடியும் என்பதைத் தெரிந்துகொள்வது வேட்பாளர்களின் முகவர்களுக்கு மிகவும் பயன்படும். மின்னணு இயந்திரத்தில் எண்ணிக்கை தவறுவது அரிது. முடிவுப் பொத்தானை எத்தனை முறை அழுத்தினாலும் வாக்கைச் சேமித்து வைக்கும் பாகமான கன்ட்ரோல் யூனிட் அதே எண்ணைத்தான் காட்டும். தவறு வருவது அந்த எண்ணைக் கையால் எழுதும்போதும், ஒரு தாளிலிருந்து இன்னொன்றுக்கு மாற்றும்போதும்.

வழி இதுதான். வாக்குப்பதிவு முடிந்ததும் வாக்குச்சாவடித் தலைமை அலுவலர் படிவம் 17சி-யின் முதல் பகுதியில் மொத்தம் எத்தனை வாக்கு பதிவானது என்று எழுதி, முகவர்களுக்குக் கையொப்பமிட்ட நகல் தர வேண்டும். எண்ணும் நாளில் ஒவ்வொரு சட்டமன்றப் பிரிவுக்கும் பொதுவாக 14 மேசைகள். மேசைக்கு ஒரு கன்ட்ரோல் யூனிட், 14-ம் முடிந்தால் ஒரு சுற்று. மேசையில் வேட்பாளர்வாரி எண்களை 17சி-யின் இரண்டாம் பகுதியில் எழுதி, எண்ணிக்கை முகவர்களின் கையெழுத்தை வாங்குவார்கள். அந்தத் தாள் உதவித் தேர்தல் அலுவலர் மேசைக்குப் போய், சுற்றுவாரிப் பட்டியலில் ஏறி, பிறகு இறுதி முடிவுத் தாளான படிவம் 20-ல் சேரும். ஆறு பிரிவுகளின் கூட்டலோடு தபால் வாக்கையும் சேர்த்துத் தேர்தல் அலுவலர் மொத்தத்தைத் தருவார்.

வரிசை மாறி எண் ஏறினால் மாட்டுவது 17சி இரண்டாம் பகுதிக்கும் சுற்றுப் பட்டியலுக்கும் நடுவில்தான். எனவே மேசையில் இருக்கும் முகவர் ஒவ்வொரு இயந்திரத்துக்கும் மூன்றைக் குறிக்க வேண்டும்: வாக்குச்சாவடி எண், முதல் இரண்டு வேட்பாளர்களின் வாக்கு, மொத்தம். அலுவலர் மேசையருகே இன்னொருவர் நின்று, சுற்று அறிவிக்கப்பட்டதும் 14 குறிப்புகளையும் கூட்டிப் பொருத்த வேண்டும். பல கட்சிகள் மேசைக்கு ஆள் போடும், கூட்டிப் பார்க்க ஆள் போடாது. எட்டாவது சுற்றில் நடந்த பிழை இருபதாவது சுற்றில் தெரிந்தால் அந்தக் கூச்சலில் யாரும் காது கொடுக்க மாட்டார்கள்.

மறு எண்ணிக்கைக்கு நேரம் குறுகியது. மொத்தத்தை அறிவித்த பிறகு, தேர்தல் அலுவலர் படிவம் 20-ல் கையெழுத்திடும் முன்பே, காரணத்தைச் சொல்லி எழுத்துமூலம் கேட்க வேண்டும். அலுவலர் ஏற்கலாம், மறுக்கலாம். எதுவானாலும் காரணத்தை எழுத வேண்டும். கையெழுத்தாகிவிட்டால் அந்த வாசல் மூடிவிடும். பிறகு தேர்தல் மனு ஒன்றே வழி. அதற்குக் கெடு முடிவு அறிவித்த நாளிலிருந்து 45 நாள்.

மனுக்கள் பெரும்பாலும் ஏன் தோற்கின்றன? முறைகேடு நடந்தது என்று சொன்னால் போதாது. அது முடிவையே மாற்றும் அளவுக்கு இருந்தது என்று நிரூபிக்க வேண்டும்; 2009-ல் அது 3,354 வாக்கைத் தாண்டும் கணக்கு. ஊழல் நடவடிக்கை என்று குற்றம் சாட்டினால் குற்றவியல் வழக்குக்குரிய கடுமையான சாட்சியம் கேட்பார்கள். யார், எந்த நாள், எந்த ஊரில் என்று விவரம் இல்லாத பத்திகளை ஆரம்பத்திலேயே நீக்கிவிடுவார்கள். ஆறு மாதத்தில் முடிக்க முயல வேண்டும் என்று மக்கள் பிரதிநிதித்துவச் சட்டம் சொன்னாலும், சிவகங்கையில் நடந்ததைப் பார்த்தால் அந்த வரிக்கு என்ன மதிப்பு என்பது தெரிகிறது. ஐந்தாண்டுப் பதவிக்கான வழக்கு பதவிக்காலத்தைத் தாண்டிப் போவது வென்றவருக்கும் தோற்றவருக்கும் வாக்களித்தவருக்கும் ஒருங்கே செய்யும் அநீதி.

2014: கழகம் இல்லாத காங்கிரஸ்

2014-ல் காங்கிரஸ் தனியாக நின்றது. அ.தி.மு.க.வின் பி.ஆர். செந்தில்நாதன் 4,75,993. தி.மு.க.வின் துரைராஜ் சுபா 2,46,608. ஹெச். ராஜா 1,33,763. கார்த்தி சிதம்பரம் 1,04,678. செல்லும் வாக்கில் ஆறில் ஒரு பங்கைத் தாண்டினால்தான் டெபாசிட் திரும்பும். கார்த்திக்குக் கிடைத்தது சுமார் பத்தில் ஒரு பங்கு.

1999-ஐப் போல இதையும் வாக்குப் பிரிவு என்று மட்டும் எழுதிவிடக் கூடாது. தி.மு.க., காங்கிரஸ் இரண்டையும் கூட்டினால் 3,51,286. அப்போதும் 1,24,707 குறைவு. 2014-ல் அவர்கள் சேர்ந்திருந்தாலும் தோற்றிருப்பார்கள், அ.தி.மு.க. தனித்து நின்று மாநிலத்தில் 37 இடம் பிடித்த ஆண்டு அது. ஆனால் காங்கிரஸுக்கு இந்தத் தொகுதியில் தன் பெயரில் எவ்வளவு இருக்கிறது என்று அளக்க அந்த 1,04,678-ஐ விடத் தெளிவான எண் கிடையாது.

2019, 2024

2019-ல் தி.மு.க. அணிக்குத் திரும்பிய கார்த்தி 5,66,104 வாங்கி 3,32,244 வித்தியாசத்தில் வென்றார். ஐந்தாண்டில் ஐந்து மடங்குக்கும் மேல். ஒரு வேட்பாளர் அதற்குள் அவ்வளவு வளர முடியாது.

2024-ல் வெற்றி வித்தியாசம் 2,05,664. நிம்மதியான வெற்றியாகத் தெரியும். உள்ளே பார்த்தால் அவர் வாக்கு 4,27,677-ஆகச் சரிந்திருக்கிறது; 2019-ஐவிட 1,38,427 குறைவு. அ.தி.மு.க.வின் சேவியர்தாஸ் 2,22,013. தாமரையில் நின்ற தேவநாதன் யாதவ் 1,95,788. நாம் தமிழர் கட்சியின் எழிலரசி 1,63,412. 2019-ல் ஒன்றாக இருந்த அ.தி.மு.க.வும் பா.ஜ.க.வும் 2024-ல் பிரிந்து நின்றன. இருவர் வாக்கையும் கூட்டினால் 4,17,801. கார்த்திக்கும் அந்தக் கூட்டலுக்கும் இடையே பத்தாயிரம்கூட இல்லை. அணி சேர்ந்தால் இரு தரப்பு வாக்கும் முழுதாக ஒட்டும் என்பதில்லை. கசிவு எப்போதும் உண்டு. ஆனாலும் இரண்டு லட்சம் என்ற வித்தியாசத்தைக் கோட்டைச் சுவரின் கனமாக எடுத்துக்கொள்பவர்கள் இந்தக் கூட்டலைப் போட்டுப் பார்க்கட்டும்.

கணக்கு பார்ப்பவர்களுக்கு

தலைமைத் தேர்தல் அதிகாரி வெளியிடும் படிவம் 20-ல் பிரிவுவாரியாக, சாவடிவாரியாக வாக்கு இருக்கும். தபால் வாக்கு தனி வரியில் வரும். அதை எந்தப் பிரிவிலும் சேர்க்கக் கூடாது. சாவடி எண்கள் தேர்தலுக்குத் தேர்தல் மாறும்; எண்ணை வைத்து ஒப்பிடாமல் பள்ளிக்கூடக் கட்டடத்தின் பெயரையும் தெருக்களையும் வைத்து ஒப்பிட வேண்டும். தமிழ்நாட்டில் திருப்பத்தூர் என்று இரண்டு சட்டமன்றத் தொகுதிகள் உண்டு. இணையத்தில் கிடைக்கும் பழைய பட்டியல்களில் இரண்டும் கலந்து கிடக்கும், மாவட்டத்தைப் பார்க்காமல் எடுக்கக் கூடாது. மக்களவை வாக்கையும் சட்டமன்ற வாக்கையும் கலப்பதும் அடிக்கடி நடக்கிறது. 2021-ல் ஆறில் நான்கை தி.மு.க.வும் காரைக்குடியை காங்கிரஸின் மாங்குடியும் வென்றார்கள். சிவகங்கைப் பிரிவை மட்டும் அ.தி.மு.க. எடுத்தது, வேட்பாளர் 2014-ல் எம்.பி.யான அதே செந்தில்நாதன்.

செட்டிநாட்டுக்கே உரிய ஒரு சிக்கல் வாக்குப்பதிவு சதவீதம். சென்னையிலும் கோவையிலும் வெளிநாட்டிலும் குடியேறிய குடும்பங்களின் பெயர் பட்டியலில் இருக்கும், பெரிய வீடு பூட்டிக் கிடக்கும். செவ்வாய்ப் பொங்கலுக்கும் கல்யாணத்துக்கும் வருவார்கள், வாக்களிக்கும் நாளில் வருவது நிச்சயமில்லை. ஒரு தெருவில் நூறு பெயர் இருந்து முப்பது பேர் ஊரில் இல்லையென்றால், மீதி எழுபது பேரும் வாக்களித்தாலும் அந்தத் தெரு 70 சதவீதம்தான் காட்டும். மக்களுக்கு ஆர்வமில்லை என்று அதை எழுதுவது பிழை. ஊரில் இல்லாதவர், இடம்பெயர்ந்தவர், இறந்தவர் என்று வாக்குச்சாவடி நிலை அலுவலர் தயாரிக்கும் ஏ.எஸ்.டி. பட்டியலைக் கழித்துவிட்டு, மீதி உள்ளவர்களை அடிப்படையாக வைத்துச் சதவீதம் போட வேண்டும். அப்படிப் போட்டால் நகரத்தார் ஊர்ச் சாவடிகளையும் பக்கத்து விவசாயக் கிராமச் சாவடிகளையும் ஒரே வரிசையில் வைத்து ஒப்பிட முடியும்.